கரியமில வாயுவை நிலத்துக்கடியில் வைப்பது எப்படி? ஓர் எளிய அறிமுகம்

சேமிப்பு என்றால், பின்னாளில் எடுத்துப் பயன்படுத்துவதற்காக ஒன்றைப் பத்திரப்படுத்தி வைப்பது என்றுதான் தமிழில் பொருள். பணத்தைச் சேமிக்கிறோம், மழைநீரைச் சேமிக்கிறோம். கார்பன் சேமிப்பு என்ற சொற்சேர்க்கையில் மட்டும் இந்தப் பொருள் தலைகீழாகிவிடுகிறது; உள்ளே வைத்தது ஒருநாளும் வெளியே வரக்கூடாது என்பதே அங்கே நோக்கம். அடக்கம் செய்தல் என்று பெயரிட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனாலும் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஒரு நகரத்தின் கழிவுநீரைக் குழாய்களில் திரட்டி, அது தீங்கு செய்யும் இடத்திலிருந்து அகற்றி, தீங்கு செய்யாத இடத்தில் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் கார்பன் சேமிப்பைப் புரிந்துகொள்வது எளிது. வேதியியல் அதில் ஒரு பகுதிதான். குழாய், கிணறு, அழுத்தம், கண்காணிப்பு, பராமரிப்பு, பொறுப்பு ஆகிய பொதுப்பணிச் சிக்கல்களே மற்றவை எல்லாம்.

நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவை பல கோடி ஆண்டுகளாக நிலத்துக்கடியில் கிடந்த கார்பன். அவற்றை எரிக்கும்போது அந்தக் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக, அதாவது கரியமில வாயுவாக மாறுகிறது. கார்பன் அணுவின் எடை 12, கரியமில வாயு மூலக்கூறின் எடை 44 என்பதால், ஒரு டன் கார்பனை முழுவதுமாக எரித்தால் சுமார் 3.67 டன் வாயு வெளியாகிறது. எரிப்பதற்காகத் தோண்டி எடுத்ததைவிட எரித்தபின் மிஞ்சும் கழிவு எடையில் அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சேமிப்பின் எல்லாச் சிரமங்களுக்கும் அடியில் இந்தக் கணக்குதான் இருக்கிறது. எரிபொருள்களாலும் தொழிற்சாலைகளாலும் உலகம் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த இந்த வாயு, இன்று 420 பங்கைத் தாண்டியிருக்கிறது.

இவ்வளவையும் பிடித்துப் புதைக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் பெற முடியும் இடத்தில், நிலக்கரியை எரித்து அதன் புகையைப் பிடித்து மண்ணுக்குள் அனுப்புவது சுற்றுவழி என்றே நான் கருதுகிறேன். ஆனால் சிமெண்ட் அப்படியல்ல. சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, கால்சியம் கார்பனேட் சிதைந்து சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. நூறு கிலோ தூய கால்சியம் கார்பனேட்டிலிருந்து 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ வாயுவும் கிடைக்கும். சுமார் 1,450 பாகை செல்சியஸ் வரை சூளையைச் சூடேற்றும் எரிபொருளை முழுவதும் மாற்றிவிட்டாலும், கல்லுக்குள் இருந்தே வெளிவரும் இந்த வாயு நிற்காது. சிமெண்ட் ஆலை வெளியேற்றும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேற்பட்டது இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான். உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமெண்ட் தயாரிக்கிறது. பாலம், அணை, சாலை, குடிநீர்த் தொட்டி, மருத்துவமனை எல்லாம் அதில்தான் நிற்கின்றன. எனவே வேறு வழி எளிதில் அகப்படாத இத்தகைய தொழில்களுக்குத்தான் சேமிப்பு முதலில் தேவைப்படுகிறது.

முதல் வேலை, வாயுவைப் பிடிப்பது. புகைபோக்கியிலிருந்து வருவது வெறும் கரியமில வாயு அல்ல, பெரும்பகுதி நைட்ரஜன். நிலக்கரி மின்நிலையப் புகையில் கரியமில வாயு 12 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். எரிவாயுச் சுழலி மின்நிலையத்தில் 3 அல்லது 4 விழுக்காடு. சிமெண்ட் சூளையில் 20 விழுக்காட்டை ஒட்டி. இதைப் பிரித்தெடுக்கப் பெரும்பாலும் அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள். உயரமான கோபுரத்தின் மேலிருந்து அந்தக் கரைசல் கீழே வழிய, கீழிருந்து புகை மேலேறும். நாற்பது முதல் அறுபது பாகை வெப்பத்தில் அமீன் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்ளும். பிறகு அதே கரைசலை வேறொரு கோபுரத்துக்கு அனுப்பி 120 பாகை அளவுக்குச் சூடாக்கினால் பற்றியதை விட்டுவிடும். விடுபட்ட வாயுவைத் திரட்டிக்கொண்டு, கரைசலை மீண்டும் முதல் கோபுரத்துக்கே அனுப்பலாம். இந்த முறைக்கு 1930-லேயே காப்புரிமை வழங்கப்பட்டிருக்கிறது. ஆகவே இதில் மாயம் ஒன்றுமில்லை. செலவு முழுவதும் சூடாக்குவதில்தான் இருக்கிறது. ஒரு டன் வாயுவைப் பிடிக்க 3 முதல் 4 கிகாஜூல் வெப்பம் வேண்டும் என்பதால், குறைந்த வெப்பத்தில் பற்றியதை விடும் புதிய கரைசல்களையும், திண்மப் பொருள்களையும், சவ்வுகளையும் தேடுவதே பிடிப்புத் துறையின் பெரும்பாலான ஆய்வாக இருக்கிறது.

காற்றிலிருந்தே நேரடியாகப் பிடிக்கும் கருவிகளும் உண்டு. காற்றில் கரியமில வாயு 0.04 விழுக்காடு மட்டுமே என்பதால் அது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற வேலை. ஐஸ்லாந்தில் 2024-இல் இயங்கத் தொடங்கிய மாமத் என்ற நிலையத்தின் வடிவமைப்புத் திறன் ஆண்டுக்கு 36,000 டன். அது முழுத்திறனில் இயங்கினாலும் உலகின் ஆண்டு உமிழ்வில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கையே பிடிக்கும்.

எண்ணூறு மீட்டர் என்ற எல்லை

பிடித்த ஒரு டன் வாயுவைச் சாதாரண அழுத்தத்தில் அப்படியே விட்டால் அது சுமார் 540 கன மீட்டர் இடத்தை, அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக உள்ள அறையை நிரப்பிவிடும். கோடிக்கணக்கான டன்னை இந்த வடிவில் எங்கேயும் வைக்க முடியாது. ஆனால் கரியமில வாயுவிடம் நமக்குச் சாதகமான ஒரு குணம் இருக்கிறது. 31 பாகை செல்சியஸுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேலே சென்றால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் இரண்டின் தன்மையையும் கொண்ட ஒரு பாய்மமாகிவிடும். இந்த எல்லையை மாறுநிலை என்பார்கள். மாறுநிலையைத் தாண்டிய கரியமில வாயு திரவத்தைப் போல அடர்த்தியாக இருக்கும். வாயுவைப் போலக் குறைந்த பிசுபிசுப்போடு நுண்ணிய துளைகளுக்குள்ளும் வழுக்கிச் செல்லும்.

நிலத்துக்குள் பத்து மீட்டர் இறங்கினால் நீரின் அழுத்தம் சுமார் ஒரு பார் கூடுகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பநிலை பொதுவாக 25 முதல் 30 பாகை வரை உயர்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 800 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 80 பாராகவும் வெப்பம் நாற்பது பாகையை நெருங்கியும் இருக்கும். அதாவது அந்த ஆழத்துக்குக் கீழே செலுத்திய வாயுவை மாறுநிலைக்கு மேலேயே வைத்திருக்கும் பொறுப்பைப் பூமியே ஏற்றுக்கொள்கிறது. எட்டு மீட்டர் அறையை நிரப்பிய ஒரு டன், அங்கே சில கன மீட்டருக்குள் அடங்கிவிடும். கார்பன் சேமிப்பு பற்றிய எந்த ஆவணத்திலும் 800 மீட்டர் என்ற எண் தவறாமல் தென்படுவது இதனால்தான்.

குகை அல்ல, பாறை

நிலத்தடிச் சேமிப்பு என்றதும் பலர் ஒரு பெரிய குகையையோ காலியான தொட்டியையோ கற்பனை செய்கிறார்கள். வாயு போய்ச் சேர்வது அப்படிப்பட்ட வெற்றிடத்தில் அல்ல. மணற்பாறை என்பது மணல்மணிகள் இறுகி ஒட்டியது. மணிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் நிறைய உண்டு. செங்கல்லின் மேல் நீரை ஊற்றினால் அது உறிஞ்சிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நல்ல மணற்பாறையில் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய நுண்துளைகளாகவே இருக்கக்கூடும். ஆழத்தில் அந்தத் துளைகளை நிரப்பியிருப்பது குடிக்கவோ பாசனத்துக்கோ உதவாத உவர்நீர். சில இடங்களில் அது எண்ணெயாகவோ எரிவாயுவாகவோ இருந்து, மனிதர் எடுத்துத் தீர்த்த பின் அழுத்தம் குறைந்து கிடக்கும். கரியமில வாயுவைச் செலுத்துவது என்றால், அந்த உவர்நீரைச் சற்றே ஒதுக்கி அதன் இடத்தில் இதை நுழைப்பது என்று பொருள்.

நுழைத்த வாயு உவர்நீரைவிட இலேசானது என்பதால் உடனே மேலேறப் பார்க்கும். அதைத் தடுப்பது மேலே படர்ந்திருக்கும் மூடுபாறை. பெரும்பாலும் களிமண் இறுகிய பாறை அல்லது உப்புப் படுகை. களிமண் பாறையிலும் துளைகள் உண்டு. ஆனால் அவை மிகவும் நுண்ணியவை, நீரால் நிறைந்தவை. அந்த நீரைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைய வாயுவுக்கு மிகுந்த அழுத்தம் தேவை. அந்த அழுத்தம் ஏற்படாதபடி பார்த்துக்கொண்டால் மூடி இறுகியே இருக்கும்.

முதல் சில ஆண்டுகளில் மூடுபாறைதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. காலம் செல்லச் செல்ல மற்றப் பிடிப்புகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. பாறை வழியே நகர்ந்து செல்லும் வாயுவின் வால்பகுதியில் நீர் மீண்டும் புகும்போது, வாயு சிறு குமிழ்களாக அறுபட்டு நுண்துளைகளுக்குள் சிக்கிக்கொள்கிறது. எவ்வளவு பிழிந்தாலும் பஞ்சில் கொஞ்சம் ஈரம் எஞ்சுவதைப் போன்றது இது. இன்னொரு பகுதி உவர்நீரில் கரைகிறது. வாயு கரைந்த உவர்நீர் சுற்றிலுமுள்ள நீரைவிடச் சற்றுக் கனமாகிவிடுவதால் மேலேறுவதற்குப் பதில் கீழே இறங்கத் தொடங்குகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான், ஏனெனில் தப்பிச்செல்ல முயன்ற பொருளே கரைந்தபின் தன் எடையால் ஆழத்துக்குப் போகிறது. கடைசியாக, பாறையிலுள்ள கால்சியம், மெக்னீசியம், இரும்பு ஆகியவற்றோடு வினைபுரிந்து அது கல்லாகவே மாறுகிறது. மணற்பாறையில் இந்தக் கடைசிப் படிக்கு நூற்றாண்டுகளோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளோ ஆகலாம்.

இவ்வளவு நீண்ட காலம் பாறை வாயுவைப் பிடித்துவைக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பது நியாயம். இயற்கையே வைத்த சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள பிராவோ டோம் என்ற நிலத்தடி அமைப்பில், எரிமலைச் செயலால் வந்துசேர்ந்த கரியமில வாயு பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கியிருக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2005-இல் வெளியிட்ட சிறப்பறிக்கை, தக்கபடி தேர்ந்தெடுத்து நிர்வகிக்கும் இடங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் 99 விழுக்காட்டுக்கு மேல் தங்கியிருக்க வாய்ப்புண்டு என்று மதிப்பிட்டது. தக்கபடி தேர்ந்தெடுத்து நிர்வகிக்கும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு 99 விழுக்காட்டை மட்டும் மேற்கோள் காட்டுபவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

மனிதர் செய்த முதல் பெரிய முயற்சி நார்வேயின் வடகடலில், ஸ்லெய்ப்னர் என்ற எரிவாயு வயலில் 1996-இல் தொடங்கியது. அங்கே கிடைத்த எரிவாயுவில் சுமார் 9 விழுக்காடு கரியமில வாயு கலந்திருந்தது. விற்பனைக்கு அது 2.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எப்படியும் பிரித்தெடுத்தாக வேண்டிய வாயுவைக் காற்றில் விட்டால், 1991-இல் நார்வே கொண்டுவந்த கார்பன் வரியைக் கட்ட வேண்டும். வரியைக் கட்டுவதைவிட மண்ணுக்குள் அனுப்புவது இலாபம் என்ற கணக்கில்தான் உத்சிரா என்ற மணற்பாறைப் படுகைக்குள் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் வரை செலுத்தத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலிருந்து ஒலியலைகளை அனுப்பி, அவை எதிரொலித்து வருவதைக் கொண்டு பாறைக்குள் வாயு எங்கே பரவியிருக்கிறது என்று படமெடுத்தார்கள். மணற்பாறைக்கு நடுவே இருந்த மெல்லிய களிமண் அடுக்குகள் வாயுவை நீண்டகாலம் தடுக்கும் என்று எதிர்பார்த்திருக்க, அது அவற்றைக் கடந்து ஒன்பது அடுக்குகளாகப் பரவி மூன்றே ஆண்டுகளில் உச்சிக்குச் சென்றிருந்தது. அதற்கு மேலிருந்த தடித்த மூடுபாறை மட்டும் நின்று பிடித்தது. இவ்வளவு கவனமாக ஆராய்ந்த இடத்திலும் பாறை தன் போக்கில்தான் நடந்துகொண்டது.

தடை இடமல்ல, அழுத்தம்

உலகில் உவர்நீர்ப் பாறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் துளைகளின் கன அளவு முழுவதையும் சேமிப்பிடமாகக் கணக்கிடுவது ஏமாற்றத்தில்தான் முடியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து லட்சம் டன் வாயு, கன மீட்டருக்கு 700 கிலோ என்ற அடர்த்தியில் சுமார் 14 லட்சம் கன மீட்டர் இடத்தை அடைக்கும். பாறையில் ஐந்தில் ஒரு பங்கு துளை என்றால் 70 லட்சம் கன மீட்டர் பாறை போதும் என்று தோன்றும். ஆனால் வாயு பாறை முழுவதும் சீராகப் பரவுவதில்லை; மேலேறி மூடுபாறையின் அடியில் மெல்லிய படலமாக விரிகிறது; எளிதான வழியைத் தேடி ஓடுகிறது. துளைகளில் இரண்டு விழுக்காட்டை மட்டுமே உண்மையில் அது நிரப்புகிறது என்று கொண்டால், தேவைப்படும் பாறை 36 கோடி கன மீட்டர் ஆகிவிடுகிறது. நூறு மீட்டர் தடிமனுள்ள படுகையில் அது மூன்றரை சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பு. இதுவும் ஒரே ஆண்டின் பத்து லட்சம் டன்னுக்கு மட்டுந்தான்.

அதைவிட முக்கியமானது, ஒதுக்கப்பட்ட நீர் எங்கே போவது என்ற கேள்வி. பாறைக்குள் ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கிறது. நீரை எளிதில் அமுக்க முடியாது. வாயுவை வேகமாகச் செலுத்தினால் அழுத்தம் உயர்கிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் மூடுபாறையில் பிளவு ஏற்படலாம், உறங்கிக்கிடந்த பழைய பிளவுகள் நழுவிச் சிறு நில அதிர்வுகளை உண்டாக்கலாம். நார்வேயின் பேரண்ட்ஸ் கடலில் 2008-இல் தொடங்கிய ஸ்னோவிட் திட்டத்தில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட விரைவாக ஏறியதால், 2011-இல் செலுத்துவதை வேறொரு பாறை அடுக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. அல்ஜீரியாவின் சகாராப் பாலைவனத்தில் இன் சாலா என்ற இடத்தில் 2004 முதல் சுமார் 38 லட்சம் டன் செலுத்தியபோது, மேலேயுள்ள நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியது. மூடுபாறையைப் பற்றிய ஐயத்தால் 2011-இல் அந்தப் பணி நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கார்கன் திட்டம் 2019-இல் செலுத்தத் தொடங்கி, ஆழத்திலிருந்து நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் கிணறுகள் சரிவர இயங்காததால் திட்டமிட்ட அளவை எட்டாமலேயே இருந்து வந்திருக்கிறது.

இவற்றைத் தோல்விகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. மூன்றிலும் சேமித்த வாயு பெருமளவில் வெளியே கசிந்துவிடவில்லை; சிக்கல் வந்ததைக் கருவிகள் காட்டின, காட்டியபின் செலுத்துவது மாற்றப்பட்டது, குறைக்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது. அவை சொல்வது வேறு. ஒரு பாறைப் படுகை மொத்தமாக எவ்வளவு கொள்ளும் என்பதைவிட, ஆண்டுக்கு எவ்வளவு வேகத்தில் ஏற்கும் என்பதே திட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு வாளிக்குக் கொள்ளளவு மட்டும் பார்த்தால் போதும். குறுகிய கழுத்துள்ள குடுவைக்கு ஊற்றும் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

கல்லாக்குவது

மணற்பாறையில் ஆயிரம் ஆண்டு எடுக்கும் வேலையை இரண்டே ஆண்டில் முடிக்கும் பாறையும் உண்டு. அது பசால்ட் என்னும் எரிமலைப்பாறை. ஐஸ்லாந்தில் ஹெட்லிஸ்ஹெய்தி புவிவெப்ப மின்நிலையத்தின் அருகே 2012-இல், கரியமில வாயுவை நீரில் கரைத்துப் பசால்ட்டுக்குள் செலுத்தினார்கள். சோடாநீரைப் போன்ற அந்த அமில நீர், பாறையிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இரும்பையும் கரைத்தெடுத்து, அவற்றோடு சேர்ந்து கார்பனேட் கனிமமாகப் படிந்தது. செலுத்தியதில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் கனிமமாகிவிட்டதாக 2016-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கண்காணிப்புக் கிணற்றிலிருந்த நீர்மூழ்கிப் பம்பு பழுதாகி மேலே எடுத்தபோது, அதன்மேல் கால்சியம் கார்பனேட் அப்பிக் கிடந்தது. எந்த வரைபடத்தையும்விடத் தெளிவான சான்று அது. கல்லாகிவிட்ட வாயு கசிவதற்கு வழியே இல்லை என்பதால் இந்த முறைக்கு மூடுபாறையைப் பற்றிய கவலை குறைவு. விலையோ நீர்: ஒரு டன் வாயுவைக் கரைக்கச் சுமார் 25 டன் நீர் வேண்டும். கடல்நீரைப் பயன்படுத்த முடியுமா என்ற ஆய்வு நடப்பது இதனால்தான்.

நிலத்துக்கு மேலேயும் நம் கண்முன் ஒரு கல்லாக்கம் நடந்துகொண்டிருக்கிறது. கான்கிரீட் தன் வாழ்நாள் முழுவதும் காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி, சூளையில் இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறது. 1930 முதல் 2013 வரை சுண்ணாம்புக்கல் சிதைந்ததால் வெளியான வாயுவில் சுமார் 43 விழுக்காட்டைச் சிமெண்ட் பொருள்கள் இப்படித் திரும்ப உறிஞ்சியிருக்கலாம் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எரிபொருளால் வந்த வாயு இந்தக் கணக்கில் இல்லை. கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்தச் செய்தி கட்டுமானப் பொறியாளருக்கு நல்ல செய்தி அல்ல. கான்கிரீட்டின் மிகுந்த காரத்தன்மைதான் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. வாயு உள்ளே ஊடுருவ ஊடுருவ அந்தக் காரத்தன்மை குறைகிறது. கம்பியை எட்டிவிட்டால் துரு தொடங்கும், துரு உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். எனவே ஆய்வாளர்கள் முயல்வது வேறு வழிகளில்: புதிதாகக் கலக்கும்போதே சிறிதளவு கரியமில வாயுவைச் செலுத்திக் கால்சியம் கார்பனேட் துகள்களாகப் படியவைப்பது, கம்பி இல்லாத முன்வார்ப்புக் கற்களைக் கரியமில வாயுவிலேயே பதப்படுத்துவது, இடித்த கட்டடங்களின் பொடியைக் கொண்டு உறிஞ்சவைப்பது. கலவையில் சேர்க்கும் வாயுவின் அளவு சிறியது. பெரிய ஆதாயம் பெரும்பாலும், அதனால் வலிமை கூடிச் சிமெண்டின் அளவைக் குறைக்க முடிவதில் இருக்கிறது. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை அவ்வளவாகச் சொல்வதில்லை.

குழாயும் கிணறும்

வாயு பிடிபடும் இடமும் பாறை இருக்கும் இடமும் பொதுவாக ஒன்றாக அமைவதில்லை. அமெரிக்காவில் 8,000 கிலோமீட்டருக்கும் மேல் கரியமில வாயுக் குழாய்கள் உள்ளன. இவற்றில் பல, 1970-களிலிருந்து பழைய எண்ணெய்க் கிணறுகளில் மிச்சமிருக்கும் எண்ணெயை நகர்த்துவதற்காகப் போடப்பட்டவை. இயற்கையாக நிலத்தடியில் அடைபட்டுக் கிடந்த கரியமில வாயுவையே தோண்டி எடுத்து, அதைக் கொண்டு மேலும் எண்ணெய் எடுத்தார்கள் என்பதைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை. நோக்கம் எதுவாக இருந்தாலும், குழாய்ப் பொறியியல் அங்கேதான் வளர்ந்தது.

எரிவாயுக் குழாய் போடத் தெரிந்தவருக்கு இது எளிதாக இருக்கும் என்று நினைப்பது தவறு. வாயுவில் ஈரம் இருந்தால் அது கார்பானிக் அமிலமாகி எஃகை அரிக்கும். எனவே நன்கு உலர்த்தித்தான் அனுப்ப வேண்டும். நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் அடர்த்தியான நிலையில் செல்லும் இந்தப் பாய்மம், குழாய் உடைந்தால் சட்டென்று விரிந்து கடுமையாகக் குளிர்கிறது. ஒரு பகுதி மைனஸ் 78 பாகையில் உலர்பனிக்கட்டியாகிறது. வாயுவாக விரியும்போது அழுத்தம் மெதுவாகவே குறைவதால், ஏற்பட்ட பிளவு குழாயின் நீளத்துக்கு ஓடிக்கொண்டே போகக்கூடும். அதை நிறுத்தத் தடித்த எஃகோ, இடையிடையே பொருத்தும் வளையங்களோ வேண்டும். நெருப்புப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் மணமும் நிறமும் இல்லாத, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு தாழ்வான நிலத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியின் ஆழத்தில் இயற்கையாகத் திரண்டிருந்த வாயு 1986 ஆகஸ்டில் ஒரே இரவில் வெளிப்பட்டபோது சுமார் 1,700 பேர் இறந்தார்கள். அது சேமிப்புத் திட்டம் அல்ல, குழாயும் அல்ல. ஆனால் இந்த வாயு திரளாக வந்தால் என்ன செய்யும் என்பதை அதைவிடக் கொடுமையாக எதுவும் காட்டியதில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற சிற்றூரின் அருகே 2020 பிப்ரவரியில் கரியமில வாயுக் குழாய் ஒன்று வெடித்தது. கனமழையால் மண் சரிந்து குழாயின் பற்றவைப்பு இணைப்பு விட்டுப்போயிருந்தது. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் சிகிச்சை பெற்றார்கள், உயிரிழப்பு இல்லை. ஆக்சிஜன் போதாமல் வண்டிகளின் எஞ்சின்களும் நின்றுவிட்டதால் தப்பிச் செல்வதும், உதவிக்கு வருவதும் கடினமாயிற்று. அதற்குப் பிறகு குழாய்த்தடம் செல்லும் நிலத்தின் சரிவு, மண்ணின் நகர்வு, வாயு தேங்கக்கூடிய பள்ளங்கள், உள்ளூர் மீட்புப்படையின் பயிற்சி ஆகியவை குழாயின் தடிமனுக்கு இணையான கேள்விகளாகக் கருதப்படுகின்றன.

பொது உள்கட்டமைப்பு என்ற பெயருக்கு இப்போது மிக நெருங்கி வந்திருப்பது நார்வேயில் உருவாகியிருக்கும் ஏற்பாடு. பிரேவிக் என்ற ஊரிலுள்ள சிமெண்ட் ஆலையில் 2025-இல் பிடிப்பு நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு நான்கு லட்சம் டன், அதாவது அந்த ஆலையின் உமிழ்வில் ஏறத்தாழ பாதியைப் பிடிப்பது அதன் இலக்கு. பாதியோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம், ஆலையில் வீணாகும் வெப்பம் அமீனைச் சூடாக்க அவ்வளவுக்குத்தான் போதும் என்பது. மீதிக்குப் புதிதாக எரிபொருள் வேண்டியிருக்கும். பிடித்த வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, மேற்குக் கரையில் ஆய்கார்டன் என்ற இடத்திலுள்ள தொட்டிகளில் இறக்கி, அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாய்வழியே கடலுக்குள் கொண்டுசென்று, கடற்படுகைக்கு 2,600 மீட்டர் கீழே செலுத்துகிறார்கள். நார்தர்ன் லைட்ஸ் என்று பெயரிடப்பட்ட இந்தத் துறைமுகமும் குழாயும் கிணறும் ஓர் ஆலைக்கு மட்டும் உரியவை அல்ல. கட்டணம் செலுத்தும் எந்த நாட்டின் ஆலையும் தன் வாயுவை அனுப்பலாம். ஒவ்வோர் ஆலையும் தனித்தனியே பாறையைத் தேடிக் கிணறு தோண்டுவது, ஒவ்வொரு வீடும் கடல்வரைக்கும் தனிச் சாக்கடை வெட்டுவதற்கு ஒப்பாகும். இப்படிப் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் தடம் இல்லாமல் சிறு ஆலைகள் இதற்குள் வரவே முடியாது.

இத்தனைக்கும் பிறகு, உலகில் இன்று இயங்கும் பிடிப்பு நிலையங்களின் மொத்தத் திறன் ஆண்டுக்குச் சுமார் ஐந்து கோடி டன். 3,700 கோடியோடு ஒப்பிட்டால் எழுநூறில் ஒரு பங்குகூட எட்டவில்லை. அதிலும் பெரும்பகுதி எண்ணெய் எடுக்கவே போகிறது.

கடைசியாக, எல்லாரும் சற்றே தள்ளிவைத்துப் பேசும் கேள்வி: செலுத்தி முடித்த பின் யார் பார்த்துக்கொள்வது? பாறையைவிட நம்பகமற்றது அதில் நாம் போட்ட துளை. எஃகு அரிக்கும், கிணற்றை அடைத்த சிமெண்டுக்கும் எஃகுக்கும் இடையே நாளடைவில் இடுக்கு விழலாம். அதைவிடக் கவலைக்குரியவை, எண்ணெய் தேடி முன்பு தோண்டப்பட்டு, பதிவேட்டில் இடம்பெறாமல் கைவிடப்பட்ட பழைய கிணறுகள். ஒரு படுகையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடியும் அடைப்பது, காந்தப்புலத்தை அளந்து நிலத்தடி எஃகுக் குழாயை இனங்காண்பது, மண்ணிலிருந்து வரும் வாயு ஆழத்திலிருந்து வந்ததா வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட மூச்சா என்று பிரித்தறிவது ஆகியவை இன்றைய ஆய்வில் பெரிதாகப் பேசப்படாத, ஆனால் இன்றியமையாத பகுதிகள்.

நிறுவனங்கள் சில பத்தாண்டுகள் இருக்கும். வாயு அங்கேயே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் கொண்டுவந்த நெறிமுறை இதற்கு ஒரு விடையை எழுதிவைத்திருக்கிறது. கிணற்றை மூடிய பின் பொதுவாகக் குறைந்தது இருபது ஆண்டுகள் செலுத்திய நிறுவனமே கண்காணிக்க வேண்டும். வாயு முழுவதுமாகவும் நிரந்தரமாகவும் அடங்கிவிட்டது என்பதற்கான சான்றை அது காட்ட வேண்டும். அடுத்த முப்பது ஆண்டுகளின் கண்காணிப்புச் செலவையாவது ஈடுகட்டும் தொகையைச் செலுத்த வேண்டும். அதன் பிறகே பொறுப்பு அரசுக்கு மாறும். அந்த நாளில் அரசின் கைக்கு வருவது பாறையும் வாயுவும் மட்டுமல்ல; எந்தக் கிணறு எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டப்பட்டது, எந்த ஆண்டில் எவ்வளவு செலுத்தப்பட்டது, அழுத்தம் எப்படி ஏறி இறங்கியது, எதிரொலிப் படங்களில் வாயுவின் விளிம்பு எங்கே தெரிந்தது என்ற பதிவுகளும்தான். இவ்வளவையும் இன்னும் நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே பகுதியில் துளையிட வரும் ஒருவர் தேடி எடுத்துப் படிக்கக்கூடிய வடிவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.